குடைக்கம்பி ஐயாவும் என் சோற்றுப் பசையும்

மலையகத்தில் மூன்று வகை மனிதர்கள் உண்டு. பொருளைத் தொலைக்கிறவர்கள், தொலைத்ததைத் தேடுகிறவர்கள், குடைக்கம்பி ஐயா. முதல் இரண்டு வகையிலும் இந்த நாட்டில் எக்கச்சக்கம் பேர். மூன்றாவது வகையில் அவர் ஒருவர்தான். தொலைந்த பொருள் ஒவ்வொன்றும் தனக்கு நேரடியாகச் செய்த அவமரியாதை என்று நினைத்து வாழ்ந்த மனுசன் அவர்.

எழுபதுகளின் நடுவில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட கையோடு, வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் நான் மூன்றாம் கிளாக்கராகச் சேர்ந்தேன். அவர் இரண்டாம் கிளாக்கர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில்கூட அதை யாரும் உபயோகித்துப் பார்த்ததில்லை.

சேர்ந்த முதல் வாரமே அவருடைய பகையின் ஆரம்பத்தைச் சொன்னார்கள். எனக்கு முந்திய காலத்தில் தோட்டத்தை நடத்துகிற துரை கேட்ட ஒரு ஃபைல் மூன்று நாள் காணாமல் போயிருக்கிறது. அலுமாரி, அலுமாரிக்கு மேல், அலுமாரிக்குக் கீழ், ஃபாக்டரி வரைக்கும் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் பெரிய கிளாக்கர் தன் நாற்காலி பள்ளமாக இருக்கிறது என்று அதை மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் எல்லோரையும் விட அதிகமாகக் கத்தித் தேடச் சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு எங்கள் ஐயா சபதம் எடுத்தாராம், இனி இந்த ஆபீசில் எதையும் மனுசன் தேடக் கூடாது, பொருள் தானாக வந்து நிற்க வேண்டும் என்று.

முதலில் நூல் கட்டிப் பார்த்தார். லீவு ஃபைலுக்குச் சிவப்பு நூல், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் பச்சை, வியாதிக்கு மஞ்சள். திட்டம் இரண்டு மாதம் ஜோராக ஓடியது. காமன் கூத்துத் திருவிழா முடிந்த மறுநாள் ஆபீசுக்கு வந்தால் சிவப்பு நூல் ஒன்றுகூட இல்லை. கோயில் பூசாரி வந்து "சாமி காரியத்துக்குக் கொஞ்சம் கயிறு" என்று கேட்டாராம். ஆபீஸ் காவல்காரர் அள்ளிக் கொடுத்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் மணிக்கட்டிலும் எங்கள் லீவு ஃபைல் கட்டியிருந்தது.

ஐயா பூசாரியிடம் சண்டைக்குப் போனார்.

"ஏன் பூசாரி, அது ஆபீஸ் நூலுன்னு தெரியாதா?"

"தெரியும் சாமி. ஆனா கட்டுன புள்ளைகளுக்குக் காய்ச்சல் வுட்டுருச்சே. இப்ப அவுத்தா யாரு ஜவாப்பு?"

ஐயா திரும்பி வந்தார். நூல் ஆட்சி அத்தோடு முடிந்தது.

அடுத்த யோசனை எங்கிருந்து வந்ததென்றால், வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது பங்களாவில் விட்டுப்போன பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளிலிருந்து. எங்கள் ஆபீசில் அவற்றை அலுமாரித் தட்டுக்கு விரித்திருந்தோம். ஒருநாள் ஐயா ஒரு தட்டைத் துடைக்கப் போனவர் அரை மணி நேரம் குனிந்தபடியே நின்றார். இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று ஓடினேன். ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சீமை ஆபீசில் ஒரு பெண் அட்டைக் கட்டு ஒன்றுக்குள் நீள ஊசியை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி அந்தோணி, பாத்தியா? இவ தேடல. குத்துறா. வேணுங்கிறது தானா விழுது."

மறுநாளே தன் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார். அதை உரசி வழவழப்பாக்கி ஊசி செய்தார். பழைய ஃபைல் மட்டைகளை வெட்டித் தோட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை செய்தார். வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில், ஒரு பக்கம் தொங்கிப்போன குடையோடு, வலது தோள் மட்டும் நனைந்தபடி அவர் ஆபீசுக்கு வருவார். பெயர் அப்படித்தான் வந்தது.

அட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த ஈனச் செயல் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அட்டையின் மேல் விளிம்பை ஒட்டியும் வரிசையாகப் பத்து ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கு ஒரு கேள்வி. கவ்வாத்து தெரியுமா, ஃபாக்டரி வேலை தெரியுமா, இப்படி. ஐந்தாவது ஓட்டை, இந்தத் தோட்டத்தில் பிறந்தவரா. ஆறாவது, பிரசவ லீவில் இருக்கிறாரா. பதில் ஆமாம் என்றால் ஓட்டைக்கு மேலே உள்ள விளிம்பைக் கத்தரியால் வெட்டி வாய் திறந்துவிடுவார். இல்லை என்றால் ஓட்டை மூடியபடியே இருக்கும். அட்டைகளை அடுக்கி, வேண்டிய ஓட்டைக்குள் கம்பியை நுழைத்துத் தூக்கினால், மூடியவை எல்லாம் கம்பியில் தொங்கும். வாய் திறந்தவை மேசையில் விழும். விழுந்தவர்கள்தான் நாம் தேடுகிற ஆட்கள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் விழ வேண்டியவை சரியாக விழுந்தன. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ஐயா அதோடு நிற்கவில்லை. வீட்டிலும் மரக்கறிகளுக்கு அட்டை போட்டார். "இன்னைக்கு என்னங்க ஆக்கிறது?" என்று அவர் வீட்டு அம்மா கேட்டால் கம்பியை எடுத்துக் குத்துவார். தொடர்ந்து ஆறு நாள் பூசணிக்காய் விழுந்ததாகக் கேள்வி. ஏழாவது நாள் அம்மா, "இனிமே அந்தக் கம்பி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா அடுப்புலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டார். அட்டைகள் திரும்பவும் ஆபீசுக்கே வந்து சேர்ந்தன.

அப்புறம் எனக்குப் பெண் பார்த்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விசாரித்து முப்பது நாற்பது அட்டை தயாரித்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"சொல்லு தம்பி. என்ன வேணும்?"

விளையாட்டு என்று நினைத்துச் சொன்னேன். எங்களைப் போல வேதக்கார, கத்தோலிக்கப் பெண்ணாக இருக்க வேண்டும். படித்திருக்க வேண்டும். சொந்தமாக உத்தியோகம் இருந்தால் நல்லது. முரட்டு அண்ணன் தம்பி இருக்கக் கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் கம்பியைக் குத்திக் குத்தித் தூக்கினார். கடைசியில் ஒரே ஒரு அட்டை விழுந்தது. அடுத்த தோட்டத்து மருத்துவிச்சி. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெண்மணிதான். வயது ஐம்பத்திமூன்று.

"தேவையக் கொஞ்சம் கொறைச்சுக்க தம்பி," என்றார் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அன்று சாயந்தரமே ஃபாக்டரி முழுக்க நான் "மருத்துவிச்சி மாப்பிள்ளை" ஆகிவிட்டேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருபத்திரண்டு வயது. புதுசாகச் சட்டையை இஸ்திரி போடப் பழகிய காலம். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. துரைக்கு எப்படியோ ஐயாவின் அட்டைப்பெட்டி மேல் ஒரு பிரியம் வந்திருந்தது. "அதிகாரி முன்னால் செய்து காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஐயா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. கோட்டு ஒன்று இரவல் வாங்கினார். கம்பிக்கு எண்ணெய் போட்டார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நான் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஆண்களின் அட்டையில் ஆறாவது ஓட்டையைக் கத்தரித்து வாய் திறந்தேன். உண்மையிலேயே பிரசவ லீவில் இருந்த நான்கு பெண்களின் அட்டையில் அதே ஓட்டையின் வாயை மட்டைக் காகிதம் ஒட்டி மூடினேன். பசைக்கு என் சாப்பாட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக் குழைத்தேன். அரிசியைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. ஆபீசில் பெரிய கிளாக்கர் உட்பட அத்தனை பேரும் ரொட்டியும் மரவள்ளிக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தார்கள். என் அக்காவை வலப்பனைப் பக்கம் வயல் இருக்கிற இடத்தில் கட்டிக்கொடுத்திருந்ததால் எனக்கு மட்டும் சிவப்பரிசிச் சோறு. அதைத்தான் பசையாக்கினேன். அந்த ஒரு பிடிச் சோற்றை நினைத்து மட்டுமே தனியாக வெட்கப்பட எனக்கு இடமிருக்கிறது.

அதிகாரி வந்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்து "மொகத்த மே?", இது என்ன, என்று கேட்டார். துரை சிங்களத்தில் விளக்கினார். "பிரசவ லீவில் யார் யார்?" என்று கேட்கச் சொல்லி துரைக்குக் காதில் போட்டு வைத்ததும் நான்தான். ஐயா கோட்டின் கையை மடித்துவிட்டுக் கம்பியை நுழைத்தார். தூக்கினார். மூன்று அட்டைகள் விழுந்தன. துரையே எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

தலைமைக் கங்காணி கருப்பையா. ஃபாக்டரி வாட்சர். கோயில் பூசாரி.

கங்காணி கருப்பையா அங்கேயே, தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்து, "ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பிளைப் பிள்ளையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். அப்புறம் ஆபீஸ் கூரை இருந்த இடத்தில் இருந்ததே ஆச்சரியம். பெரிய கிளாக்கர் சிரித்து இருமி வெளியே போய்விட்டார். நானும் சிரித்தேன். எல்லோரையும் விடக் கூடவே சிரித்தேன்.

ஐயா கம்பியைக் கீழே வைத்தார். இரவல் கோட்டோடு தரையில் குந்தி, கம்பியிலிருந்து நழுவிச் சிதறிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. என் சிரிப்பு அங்கேதான் முதல் தடவையாகச் சற்று நின்றது.

அடுத்த வாரம் அவர் கெட்ட அட்டைகளைத் திருத்தினார். ஆண்களுக்குப் புது அட்டை. பெண்களுக்கு ஆறாவது ஓட்டையில் ஒட்டியிருந்ததை வெட்டித் திறந்தார். யார் செய்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். வட்டகொடை வேதக்கோயிலில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தேன். அவர் மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவு மலிவாக முடிந்ததே என்று சந்தோஷமாக மலையேறி வந்தேன்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை லெச்சுமி ஆபீசுக்கு வந்தாள். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் பத்தாம் லயத்துக்காரி. நான் ஒட்டிய நான்கு பெண்களில் ஒருத்தி. இடுப்பில் அந்தப் பிள்ளை, கையில் இன்னொன்று. பிரஜாவுரிமை விசாரணைக்கு வியாழக்கிழமை நுவரெலியாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. புருசனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை முன்பே கிடைத்துவிட்டது. இவள் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் இவளுக்கும் கிடைக்கும். கொடுக்காவிட்டால் பெயர் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்படுகிறவர்கள் பக்கம் போய்விடும். அப்படிக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து தலைமன்னார் ரயிலில் ஏறியதை நாங்கள் அந்த வருடங்களில் ஸ்டேஷனில் நின்று பார்த்திருக்கிறோம்.

ஐயா பத்தாம் லயத்து அட்டைக் கட்டை எடுத்தார். ஐந்தாவது ஓட்டையில் கம்பியை நுழைத்துத் தூக்கினார். லயத்தில் பாதிப் பேர் விழுந்தார்கள். லெச்சுமி விழவில்லை. கம்பியிலேயே தொங்கினாள்.

"நீ இங்க பொறக்கலையேம்மா."

"என்னாங்கய்யா இப்புடிச் சொல்றீங்க? அந்த லயத்துலதாங்க பொறந்தேன். எங்காத்தா அங்கதான் என்னய பெத்துச்சு."

"ஆத்தா எங்க?"

"செத்து ஏழு வருசமாச்சுங்க."

"தாயி, மனுசருக்கு மறந்து போகும். கம்பி பொய் சொல்லாது."

"இந்தியாவுல எனக்கு யாருங்கய்யா இருக்கா? மழைக்கு ஒதுங்க ஒரு வாசல் தெரியாதுங்களே."

பழைய பிறப்புப் பதிவேட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் அட்டைக்கு ஏற்றி முடித்ததும் இனி அது எதற்கு என்று ஐயாவே அதைக் கட்டி ஃபாக்டரி மாடிக்கு அனுப்பியிருந்தார். அவ்வளவு நம்பிக்கை. "பிறந்ததற்குப் பதிவு இல்லை" என்று தன் அழகான கையெழுத்தில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இவள் அட்டையில் ஆறாவது ஓட்டையை மூட நான் ஒட்டிய காகிதம் மட்டும் கொஞ்சம் அகலம். பக்கத்தில் இருந்த ஐந்தாவது ஓட்டையின் வாயையும் சேர்த்து மூடியிருக்கிறது. ஐயா ஆறாவதை மட்டும் வெட்டித் திறந்திருக்கிறார். ஐந்தாவது அப்படியே கிடந்திருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும். இரண்டு நாள் நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன், சாப்பிட்டேன், பகிடிகூட விட்டேன். லயத்துப் பக்கம் போகவில்லை. அங்கே அவள் அழுகிறாள் என்று காவல்காரர் சொன்னார். புதன் மத்தியானம், திரும்பவும் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, லெச்சுமியின் அட்டையை எடுத்து எச்சில் தொட்டு நகத்தால் சுரண்டி அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிய்த்தேன். ஐயா வந்ததும், "ஐயா, லெச்சுமிக்கு இன்னொரு தடவ கம்பி போட்டுப் பாருங்களேன், பாவம்" என்றேன். நல்லவன் மாதிரி.

போட்டார். அட்டை விழுந்தது.

அதை எடுத்து ஐந்தாவது ஓட்டையை விரலால் தடவினார். ஈரம் காயவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எழுந்து ஃபாக்டரி மாடிக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஒட்டடைத் தலையோடு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறந்த தேதி, பக்கம் எல்லாம் போட்டுப் புதுக் கடிதம் எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கினார். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில், அந்தத் தொங்கிய குடைக்குள் லெச்சுமியையும் பிள்ளையையும் நிறுத்திக்கொண்டு, தான் நனைந்தபடி, நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். விசாரணை அறைக்குள்ளும் கூடவே போய் நின்று பேசினாராம். அவளுக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டு. தோட்டத்து ஆட்கள் எல்லாம் வேலைக்குப் பிரிந்து போகக் கூடி நிற்கிற நேரம். கிளாக்கர் ஐயாமார் யாரும் அங்கே போகிற வழக்கமில்லை. இவர் போனார். பெயர் வாசிக்கவோ என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

"லெச்சுமி, முன்னுக்கு வாம்மா," என்றார். "நீ இந்த மண்ணுல பொறக்கலேன்னு எழுதிக் குடுத்தேன். அது தப்பு. தப்பு என்னுடையது. எல்லாருக்கும் முன்னாலயே சொல்றேன், மன்னிச்சுக்க தாயி."

கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு ஆபீஸ் ஐயா கொழுந்தெடுக்கிற பெண்ணைக் கும்பிட்டதை அந்தத் தோட்டம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. லெச்சுமிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "ஐயா, எதுக்குங்கய்யா" என்று கங்காணி கருப்பையா தடுமாறினார். எனக்கும் ஐயாவுக்கும் நடுவில் ஆறடி இருந்திருக்கும். அந்த ஆறடியை நான் நடக்கவில்லை. நடக்காமல் நின்ற அந்த இடம் எனக்கு இன்றைக்கும் அச்சாகத் தெரியும்.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"பசையில செவப்பரிசி இருந்துச்சு தம்பி."

நான் நடையை நிறுத்தினேன்.

"போன வருசமே பாத்தேன். சனம் கெழங்கு தின்னுற காலத்துல அரிசிய வீணாக்கலாமா?"

"ஐயா, அப்ப ஏன் ஐயா நீங்க... தப்பு ஒங்களுதுன்னு..."

"ஆறாவது ஓட்டையில பசை இருக்குன்னு கண்டவன் அஞ்சாவதப் பாத்தானா? பாக்கல. கம்பி பொய் சொல்லாதுன்னு அந்தப் புள்ள கிட்டச் சொன்னது யாரு? நீயா? நான்."

அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த நாளே பதிவேட்டை மேசையில் விரித்துவைத்து, அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார். முடிக்க எட்டு மாதம் ஆனது. பிழை வேறு ஒன்றும் இருக்கவில்லை. துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ என் பெயரைச் சொல்லவும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், அப்போது நான் வேலை பார்த்த ஹட்டன் பக்கத்து மேலாபீசில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து குளிரூட்டிய அறையில் வைத்தார்கள். ஐயா ஓய்வு பெற்றிருந்தார். கேள்விப்பட்டதும் அதைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். இயக்குகிற பெண் ஒரு பெயரைத் தட்டினாள், கண் மூடித் திறப்பதற்குள் ஆள் திரையில் வந்து நின்றான். ஐயா கை தட்டினார். அப்புறம் ரொம்ப அக்கறையாக, "மக, இதுல போடுறதுக்கு முன்னாடி இருந்த பொஸ்தகத்த எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தேடி எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, என் செலவில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

இதில் உங்களுக்கு இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. "இன்னொரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்று நான் சொன்னது எப்படியோ லயத்துக்குப் போய்விட்டது. லெச்சுமியைப் பொறுத்தவரை அவளைக் காப்பாற்றியது நான். கடிதத்தில் இல்லையென்று எழுதியவர் குடைக்கம்பி ஐயா. அவர் அதைத் திருத்தவே இல்லை. நானும் திருத்தவில்லை. வருடா வருடம் தைப்பொங்கலுக்கு அவள் தன் கையால் பயிர் போட்ட மரக்கறி, போஞ்சியும் கோவாவும், என் வீட்டுக்குத்தான் வரும். "எங்க அந்தோணி ஐயா இல்லாட்டி நாங்க இன்னிக்கு எங்கயோ" என்று வாசலில் நின்று என் பிள்ளைகளிடம் சொல்லுவாள். நான் உள்ளே ஏதோ தேடுவது போல இருப்பேன். ஐயா செத்த செய்தி வந்தபோது அவளிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் நான்தான் பல வருடமாக வாங்கி வைத்திருந்தேன்.

லெச்சுமியின் மூத்த மகள் நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று தெரியும். மகளே, இதையும் வாசித்துக் காட்டு. நிறுத்தாமல் வாசி. உன் அம்மாவின் அட்டையில் காகிதத்தை ஒட்டியவன் நான். மழையில் நனைந்து அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனவர் குடைக்கம்பி ஐயா. இந்தப் பொங்கலுக்கு எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று சொல்.

எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிக்கும். வெட்கத்தில் அதைக்கூட அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.